ஒரே குளம், மூன்று அளவு: குளோரின் சோதனையில் எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரே காலையில் நீச்சல் குளத்து நீரை மூன்று விதமாகச் சோதித்திருக்கிறீர்கள். நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) காட்டுகிறது. மஞ்சள் நிறம் வரும் சொட்டு மருந்துக் கிட்டும் 3 காட்டுகிறது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் ஃபோட்டோமீட்டர் மட்டும் 1.1 என்கிறது. குளத்தில் குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறது, குளித்தவர்களுக்குக் கண் எரிகிறது. "இரண்டு கிட் ஒரே மாதிரி சொல்லும்போது மீட்டர் மட்டும் வேறு சொல்கிறதே, மீட்டர் பழுதா?" என்று கேட்கிறீர்கள்.

மீட்டர் பழுதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று கருவிகளும் ஆளுக்கொன்றை அளந்துவிட்டு வந்து நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் 'குளோரின்' என்று ஒரே பெயரைச் சூட்டிவைத்திருப்பதால் வந்த குழப்பம் இது.

குளத்தில் போட்ட குளோரினில் ஒரு பகுதி எதோடும் சேராமல், கிருமி வந்தால் கொல்லத் தயாராக இருக்கும். அது ஃப்ரீ குளோரின். இன்னொரு பகுதி வியர்வையிலும் சிறுநீரிலும் வந்த அம்மோனியா, யூரியா வகைகளோடு சேர்ந்து குளோரமினாக மாறியிருக்கும். அது கம்பைண்டு குளோரின். அதற்குக் கிருமியைக் கொல்லும் வேகம் மிகக் குறைவு. இரண்டையும் கூட்டினால் டோட்டல் குளோரின். மூக்கில் ஏறும் அந்த 'குளோரின் வாடை' பெரும்பாலும் குளோரமினுடையது, கண் எரிச்சலும் அப்படியே. வாடை தூக்கினால் குளோரின் கூடிப்போய்விட்டது என்று மருந்தை நிறுத்திவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்தியதும் இருக்கிற கொஞ்ச ஃப்ரீ குளோரினும் தீர்ந்து, வாடை இன்னும் கூடும்.

மஞ்சள் கிட்டில் இருப்பது ஆர்த்தோடாலிடின். புட்டியில் ஓடிஓ என்று போட்டிருக்கும். அதற்கு ஃப்ரீ, கம்பைண்டு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, டோட்டலைத்தான் காட்டும். ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் ஃப்ரீக்கு ஒரு கட்டமும் டோட்டலுக்கு ஒரு கட்டமும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் கட்டம் மாறிப் பார்ப்பது சகஜம். நிற அட்டை 1, 3, 5 என்று தாவித் தாவிப் போகிறபோது 2-ஐ 3 என்று படித்தவரைக் குறை சொல்லவும் முடியாது. மீட்டரோடு வரும் சோதனை மாத்திரைகளில் முதலாவதை மட்டும் போட்டிருந்தால் அது காட்டியது ஃப்ரீ குளோரின். ஆக, 3-இல் 1.1 போக மிச்சம் 1.9 கம்பைண்டு. இது உண்மையானால் கண் எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பொதுக் குளங்களில் கம்பைண்டு 0.4-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வழிகாட்டுதல்.

'உண்மையானால்' என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு வேறு முறைகளில் வந்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது. மஞ்சளின் சாயலைக் கண்ணால் பார்த்துச் சொன்ன 3 என்பது 2-ஆகவும் இருக்கலாம், 4-ஆகவும் இருக்கலாம். ஃப்ரீ, டோட்டல் இரண்டையும் ஒரே முறையில், ஒரே தண்ணீரில், அடுத்தடுத்து எடுத்தால்தான் கழித்து வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். அதற்கு டிபிடி என்ற சோதனை மருந்தைப் பயன்படுத்தும் முறைதான் வேண்டும்.

இங்கிலாந்து வேதியியலாளர் பேலின் 1957-இல் வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் குளத்துச் சோதனையில் இதுதான் அடிப்படை. குளோரின் பட்டதும் டிபிடி இளஞ்சிவப்பாகும், குளோரின் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். முதல் மாத்திரை ஃப்ரீ குளோரினோடு மட்டும் சட்டென்று வினைபுரியும். அதே சோதனைக் குழாயில் மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டால், அதிலிருக்கும் பொட்டாசியம் அயோடைடு குளோரமினையும் இழுத்துவந்து நிறத்தில் சேர்க்கும், இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் டோட்டல் தெரியும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தவறு நுழைவதற்கு இதில் நாலைந்து ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை நேரம். முதல் மாத்திரை போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் அளவைப் படித்துவிட வேண்டும். தண்ணீரில் குளோரமின் இருந்தால் அதுவும் மெல்ல மெல்ல டிபிடியோடு வினைபுரிந்து, இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டே போகும். குழாயை மேசையில் வைத்துவிட்டு போன் பேசிவிட்டு வந்து பார்த்தால் ஃப்ரீ குளோரின் 'கூடியிருக்கும்'. வேண்டுமென்றால் ஒருமுறை செய்து பாருங்கள்: உடனே ஒரு அளவு, ஐந்து நிமிடம் கழித்து ஒரு அளவு. வித்தியாசம் பெரிதாக இருந்தால், டோட்டல் எடுக்காமலேயே குளோரமின் இருப்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, குழாயில் ஒட்டியிருக்கும் அயோடைடு. நேற்று டோட்டல் எடுத்த குழாயைச் சும்மா ஒரு அலசு அலசிவிட்டு இன்றைக்கு ஃப்ரீ எடுத்தால், சுவரில் ஒட்டியிருக்கும் துளி அயோடைடு போதும், குளோரமினையும் ஃப்ரீயோடு சேர்த்துக் காட்டிவிடும். நான் இரண்டு குழாய் வைத்திருக்கிறேன், ஃப்ரீக்கு ஒன்று, டோட்டலுக்கு ஒன்று, மூடியில் பெயிண்டால் அடையாளம். மாத்திரையைக் கையால் தொடுவதும், குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு குலுக்குவதும் கூடாது. விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும் குளோரினைத் தின்றுவிடும். 10 மில்லிலிட்டர் தண்ணீருக்கு அது சின்ன விஷயமில்லை.

மூன்றாவதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் விழுந்திருக்கிறேன். குளம் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய முதல் வருடம். ஒருநாள் மாலை குளோரின் கூடுதலாகக் கொட்டிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் சோதித்தேன். மாத்திரை கரைந்தது, தண்ணீர் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் நின்றது. பூஜ்ஜியம்! ராத்திரியோடு ராத்திரியாக எல்லாக் குளோரினும் போய்விட்டதே என்று இன்னொரு வாளி கலந்து ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பூஜ்ஜியம். மூன்றாவது முறை குழாயைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மாத்திரையைப் போட்டபோதுதான் பார்த்தேன்: மாத்திரை தண்ணீரைத் தொட்ட அந்தக் கணத்தில் அதைச் சுற்றி ஒரு ரோஜா நிறம் பளிச்சென்று தோன்றி, கண் சிமிட்டுவதற்குள் மறைந்துவிட்டது.

குளோரின் இல்லாததால் வந்த வெள்ளை இல்லை அது. அளவுக்கு மீறிய குளோரின், உண்டான நிறத்தையே வெளுத்துத் தள்ளியிருந்தது. 10 பிபிஎம்முக்கு மேல் போகப் போக டிபிடி இந்த வேலையைக் காட்டும். 2 மில்லிலிட்டர் குளத்து நீரோடு 8 மில்லிலிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணை 5-ஆல் பெருக்கினேன். 22-ஐத் தாண்டியது. அன்றைக்கு யாரையும் குளத்தில் இறங்கவிடவில்லை. அதிலிருந்து, மாத்திரை போடும்போது குழாயிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. டிஜிட்டல் மீட்டர் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் எளிதாக ஏமாறுவார்கள், ஏனென்றால் அது வெளுத்துப்போன தண்ணீரைப் பார்த்து அமைதியாக 0.2 என்று எழுதிக்காட்டும். எங்கேயும் எச்சரிக்கை வராது.

தண்ணீர் கலந்து அளக்கும் முறையில் ஒரு விஷயம்: வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைக் கலக்காதீர்கள், அதிலேயே குளோரின் இருக்கலாம். 5-ஆல் பெருக்கும்போது தவறும் 5 மடங்காகும் என்பதையும் மனதில் வையுங்கள். அந்த எண் 'மிக அதிகம்' என்பதைச் சொல்லும், அதற்கு மேல் துல்லியத்தை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது தண்ணீர் எடுக்கும் விஷயம். கிட்டை மாற்றுவதற்கு முன்னால் எடுக்கும் விதத்தை மாற்றிப்பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. மேலாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் வெயிலும் காற்றும் பட்டு குளோரின் குறைந்திருக்கும், சன் ஸ்கிரீன் எண்ணெயும் மிதக்கும். சுத்திகரித்த தண்ணீர் உள்ளே வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்தால், அப்போதுதான் மருந்து கலந்து வந்த தண்ணீர் கிடைக்கும். இரண்டுமே குளத்தின் உண்மையான நிலை இல்லை. துவாரங்களிலிருந்து விலகிய இடமாகப் பார்த்து, குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை நனையும் ஆழத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட 45 செண்டிமீட்டர் இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். முதல் குப்பியைக் கொட்டிவிட்டு இரண்டாவதை எடுங்கள். மருந்து போட்டவுடன் சோதிக்க வேண்டாம், பம்பு ஓடி தண்ணீர் நன்றாகக் கலக்கட்டும்.

எடுத்த தண்ணீரை அங்கேயே சோதிக்க வேண்டும். ஸ்டெபிலைசர் (வெயிலிலிருந்து குளோரினைக் காக்கப் போடும் மருந்து) இல்லாத குளத்து நீரைத் தெளிந்த குப்பியில் வெயிலில் வைத்துவிட்டால் குளோரினின் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்திலேயே போய்விடும். கடைக்கு எடுத்துப்போய்ச் சோதித்துக்கொண்டு வருபவர்களுக்குப் பிஎச், காரத்தன்மை எல்லாம் ஓரளவு சரியாக வரும், குளோரின் மட்டும் குறைவாகவே வரும்.

நிறத்தைப் பார்க்கும் வெளிச்சமும் முக்கியம். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் குழாயில் படாமல், வெள்ளைப் பின்னணியில் பாருங்கள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் மறந்துபோய்ப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சிவப்புச் சாயல்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களும் உண்டு, பலருக்கு அது தெரிவதே இல்லை. வீட்டில் இருவர் பார்த்து இரண்டு எண் சொன்னால் சண்டை போடாமல் சொட்டு எண்ணும் முறைக்கு மாறிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சொட்டு எண்ணும் முறைதான். எஃப்ஏஎஸ்-டிபிடி என்பார்கள். 10 மில்லிலிட்டர் தண்ணீரில் டிபிடி பொடியைப் போட்டு இளஞ்சிவப்பாக்கி, இரண்டாவது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் அடியோடு மறையும்வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம். 25 மில்லிலிட்டர் எடுத்தால் ஒரு சொட்டுக்கு 0.2. சாயலை அட்டையோடு ஒப்பிடும் வேலையே கிடையாது, நிறம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். பிறகு அதே குழாயில் அயோடைடு மருந்தை விட்டால், கம்பைண்டு குளோரின் இருந்தால் நிறம் மறுபடி எட்டிப்பார்க்கும். அதையும் சொட்டு எண்ணிப் போக்கினால் கம்பைண்டு நேரடியாகக் கிடைத்துவிடும், கழித்தல் கணக்கு வேண்டாம். குளோரின் 10, 20 என்று ஏறிக் கிடக்கும் நாளிலும் இது தாக்குப்பிடிக்கும். பொடி போட்டதும் நிறம் தோன்றி மறைந்தால் இன்னொரு சிறு கரண்டி பொடி சேர்த்தால் போதும். புட்டியைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும், கணக்கும் மாறும்.

மீட்டரைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் 1.13 என்று இரண்டு தசமம் காட்டுவதாலேயே அது இரண்டு தசமம் துல்லியமாகிவிடாது. குப்பியின் வெளிப்புறத்தில் விரல் ரேகை, உள்ளே ஒட்டிய நீர்க்குமிழி, ஒரு கீறல், கரையாத மாத்திரைத் துகள், எதுவாக இருந்தாலும் அது வெளிச்சத்தை மறைக்கும், மீட்டர் அதையும் குளோரின் என்று எண்ணிக்கொள்ளும். அதே குளத்து நீரை மருந்து போடாமல் வைத்துப் பூஜ்ஜியம் செய்யுங்கள், அதே குப்பியை அதே அடையாளக் கோட்டில் திருப்பி வையுங்கள், துடைப்பதற்குப் பஞ்சு மாதிரி மெத்தென்ற துணி வையுங்கள். தண்ணீர் கோட்டுக்குச் சரியாக நிற்க வேண்டும். குழாயில் நீர்மட்டம் ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து குழிவின் அடியைப் பாருங்கள்.

சோதனை மருந்துகள் வயதாகிக் கெடும். திரவ டிபிடி கருத்துப்போயிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். திறந்து ஒரு வருடமானதை நான் வைத்துக்கொள்வதில்லை. ஃபாயிலில் அடைத்த மாத்திரைகள் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஸ்ட்ரிப் டப்பாவில் ஈரக் கையை விட்டால் அன்றோடு அந்த டப்பா முடிந்தது. கிட்டைக் கொண்டுபோய்க் குளோரினும் அமிலமும் அடுக்கியிருக்கும் அறையிலேயே வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வைக்க அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது, அந்த ஆவியிலேயே மருந்து கெட்டுவிடும். ஒரு கம்பெனி மாத்திரையை இன்னொரு கம்பெனி மீட்டரில் போட்டால் எண் வரும், ஆனால் அது எதற்கான எண் என்று யாருக்கும் தெரியாது. சோதித்த தண்ணீரைக் குளத்தில் திருப்பி ஊற்றாதீர்கள், குறிப்பாக ஓடிஓ கலந்ததை.

இன்னும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: போன வாரம் 'குளோரின் இல்லாத ஷாக்' என்று விற்கும் பொடி ஏதாவது போட்டீர்களா? அதிலிருப்பது பொட்டாசியம் மோனோபர்சல்பேட். டிபிடி சோதனையில் அது கம்பைண்டு குளோரின் வேடம் போட்டுக்கொண்டு வரும். அப்படிப் போட்டிருந்தால் உங்கள் 1.9-இல் ஒரு பங்கு பொய்.

சரி, ஃப்ரீ குளோரின் 1.1 என்றே வைத்துக்கொள்வோம். அது போதுமா? இதற்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டு எண்கள் வேண்டும், நீங்கள் அவற்றைத் தரவில்லை. ஒன்று பிஎச். ஃப்ரீ குளோரினில் நிஜமாக உழைப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7-இல் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்த வடிவத்தில் இருக்கும், 7.5-இல் பாதி, 8-இல் கால் பங்குதான். எண் 1.1 என்றே இருக்கும், வேலை மூன்றில் ஒன்றாகிவிடும். பிஎச் பார்க்கும் ஃபீனால் ரெட், குளோரின் மிக அதிகமாக இருந்தால் ஊதாவாக மாறிப் பொய் சொல்லும், அதனால் குளோரின் இறங்கிய பிறகு பிஎச் பாருங்கள்.

மற்றது சயனூரிக் அமிலம், அதாவது ஸ்டெபிலைசர். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பதற்காக அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிபிடி அந்தப் பிடியிலிருக்கும் குளோரினையும் ஃப்ரீ என்றே எண்ணும், ஏனென்றால் டிபிடி தின்னத் தின்ன ஸ்டெபிலைசர் தன் பிடியை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஸ்டெபிலைசர் இல்லாத குளத்து 1.1-உம், 80 பிபிஎம் ஸ்டெபிலைசர் உள்ள குளத்து 1.1-உம் ஒன்றல்ல. இரண்டாவதில் கிருமியைக் கொல்லும் குளோரின் சொற்பம். ஃப்ரீ குளோரின் குறைந்தது 1 இருக்க வேண்டும், ஸ்டெபிலைசர் பயன்படுத்தினால் 2 வேண்டும், பிஎச் 7-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்கிறது சிடிசி. (ஸ்டெபிலைசர் நிறைய இருந்தால், மேலே சொன்ன பிஎச் கணக்கும் அவ்வளவு கடுமையாக இருக்காது. அது தனிக் கதை.) ட்ரைகுளோர் மாத்திரை போடுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் அது ஏறக்குறைய 6 பிபிஎம் ஸ்டெபிலைசரைச் சேர்த்துவிட்டுப் போகும். குளோரின் தீரும், ஸ்டெபிலைசர் தங்கிவிடும். குறைக்க வேண்டுமென்றால் குளத்து நீரில் ஒரு பங்கை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதுதான் நடைமுறை வழி.

ஓஆர்பி மீட்டர் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அது மில்லிவோல்ட்டில் தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறனைச் சொல்லும், பிபிஎம் சொல்லாது. தானியங்கி மருந்துப் பம்பை இயக்க நல்லது. உங்கள் இப்போதைய கேள்விக்கு உதவாது.

நாளைக் காலை யாரும் குளத்தில் இறங்குவதற்கு முன் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுங்கள். மீட்டரில் முதல் மாத்திரையைப் போட்டு ஒரு நிமிடத்துக்குள் ஃப்ரீ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து டோட்டல். இதையே இன்னொரு முறை புதுத் தண்ணீரில் செய்யுங்கள். இரண்டு தடவையும் எண்கள் 0.2-க்குள் ஒத்துவந்தால் உங்கள் கையும் மீட்டரும் சரி. பிஎச்சும் ஸ்டெபிலைசரும் பார்த்து, நான்கு எண்களையும் சேர்த்து எழுதுங்கள். கம்பைண்டு 1.9-க்குப் பக்கத்தில் வந்தால் குளோரினைக் குறைக்கக் கூடாது, கூட்டி குளோரமினை எரித்துத் தீர்க்க வேண்டும். எவ்வளவு என்பதை அந்த நான்கு எண்களையும் குளத்தின் கொள்ளளவையும் வைத்துத்தான் கணக்கிட முடியும். அதுவரை யாரும் இறங்க வேண்டாம், உள் அரங்குக் குளமாக இருந்தால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.